குதிரையின் கால் காயங்களும் மீளுருவாக்க மருத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னங்காலின் பின்புறம் வீங்கிய குதிரையை மருத்துவரிடம் கொண்டுவரும் உரிமையாளர் முதலில் கேட்பது, "இனி இது ஓடுமா?" என்பதைத்தான். அதற்கு அடுத்தபடியாக இப்போது பலரும் கேட்பது, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடுமா?" என்பது. இந்த இரண்டாம் கேள்வியை மையமாக வைத்தே இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறான தசைநாணின் காயத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறோம், ஏனெனில் இம்மருத்துவம் குதிரைகளிடம் வேரூன்றியது அந்தக் காயத்தின் வழியாகத்தான். மூட்டு நோய்க்கும் உரிய இடம் தந்திருக்கிறோம்.

மீளுருவாக்க மருத்துவம் என்றால் என்ன?

சேதமடைந்த திசுவை வலிமருந்தால் அடக்கி வைக்காமலும், அறுத்து அகற்றாமலும், உடலே அதைப் பழைய தன்மைக்கு நெருக்கமாகக் கட்டிக்கொள்ளும்படி உதவுவதே இதன் நோக்கம். குதிரைகளுக்கு இன்று நடைமுறையில் உள்ளவை பெரும்பாலும் மூன்று வகைப்படும். இரத்தத் தட்டணுக்களைச் செறிவூட்டிய பிளாஸ்மா முதல் வகை, இதைப் பி.ஆர்.பி. என்பார்கள். குதிரையின் இரத்தத்தைப் பக்குவப்படுத்தி எடுக்கும் சீரம் இரண்டாவது. இது ஐராப் என்ற பெயரில் வழங்குகிறது. எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி, இரத்தம் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும் அவை செய்யும் வேலை ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குதிரையின் தசைநாண் ஏன் இவ்வளவு எளிதில் சேதமடைகிறது?

குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்லும் மூட்டு, உடற்கூற்றின்படி நம் மணிக்கட்டுக்கு நிகரானது. அதற்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை; எலும்பும், அதன் பின்னால் ஓடும் நீண்ட தசைநாண்களும், எலும்பை எலும்போடு பிணைக்கும் பந்தகங்களுமே உள்ளன. ஒரே விரலின் நுனியில் நின்றபடி ஏறத்தாழ அரை டன் எடையைத் தாங்கிக்கொண்டு ஓடும் விலங்கு அது. கால் தரையில் ஊன்றும்போது பின்புறத் தசைநாண் வில்நாண்போல இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. கால் எழும்பும்போது அதைத் திருப்பித் தருகிறது. குதிரை களைப்பின்றி நெடுந்தூரம் ஓடுவதற்கு இந்த ஏற்பாடே காரணம். அது காயமுறுவதற்கும் இதுவே காரணம்.

முழு வேகப் பாய்ச்சலில், காலின் பின்புறம் தோலுக்கு அருகே ஓடும் மேலோட்ட விரல்மடக்குத் தசைநாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை நீள்கிறது. அந்த நாண் தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில் உள்ள அளவு இது. சேமித்த ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாக மாறுவதால், ஓடும் குதிரையின் தசைநாண் நடுப்பகுதியில் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு, உயிரணுக்களும் குறைவு. வளர்ந்த குதிரையின் இந்த நாண், பயிற்சியால் தசை வலுப்பதுபோல வலுப்பதில்லை. நுண்ணிய தேய்மானங்கள் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் ஓட்டத்தின் நடுவே நார்கள் அறுகின்றன. ஆகவே "நேற்றைய ஓட்டத்தில்தான் அடிபட்டது" என்று உரிமையாளர் சொல்லும் காயத்துக்குப் பெரும்பாலும் பல மாத வரலாறு இருக்கும்.

ஒரு சொல்லைப் பற்றிச் சிறு குறிப்பு. பேச்சுவழக்கில் தசைநாணையும் "நரம்பு" என்றே சொல்லிவிடுகிறோம். நரம்பு வேறு, தசைநாண் வேறு. "நரம்பு இழுத்துக்கொண்டது" என்று கேட்டுவிட்டு நரம்புக்கு வைட்டமின் ஊசி போடுவதால் தசைநாண் காயம் ஆறாது.

ஓய்வு கொடுத்தால் தானாகவே ஆறிவிடாதா?

ஆறும், ஆனால் ஆறி முடிந்தபின் இருப்பது பழைய தசைநாண் அன்று. நல்ல தசைநாணில், கொலாஜன் என்ற புரதத்தின் முதல்வகை நார்கள் ஒரே திசையில், சீரான அலைவடிவில் அடுக்கப்பட்டிருக்கும். காயம் ஆறும்போது உடல் அவசரமாக இட்டு நிரப்புவது மூன்றாம்வகைக் கொலாஜன் மிகுந்த தழும்புத் திசுவை. மாதங்கள் செல்லச் செல்ல அதில் ஒரு பங்கு முதல்வகையாக மாறினாலும், நார்களின் ஒழுங்கு முழுமையாகத் திரும்புவதில்லை. தழும்பு விறைப்பானது, நீளவேண்டிய அளவு அது நீளாதபோது அந்தச் சுமை அதற்கு மேலும் கீழும் உள்ள நல்ல பகுதியின்மீது விழுகிறது. மறுபடி அறுகிற இடம் பல வேளைகளில் பழைய காயத்தின் ஓரமாகவோ எதிர்க் காலிலோ இருப்பது இதனால்தான்.

பிரிட்டனில் தடைதாண்டிப் பந்தயம் ஓடும் குதிரைகளை ஈராண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தபோது, வழக்கமான சிகிச்சைகளுக்குப் பின் பந்தயத்துக்குத் திரும்பியவற்றில் 56 சதவீதம் மீண்டும் அதே காயத்துக்கு ஆளாயின. மீளுருவாக்க மருத்துவம் எதிர்த்துப் போராடுவது இந்த எண்ணோடுதான். காயத்தை ஆற்றுவதைவிட மறுகாயத்தைக் குறைப்பதே அதன் உண்மையான சோதனை.

காயம் பட்ட முதல் சில நாள்களில் என்ன செய்ய வேண்டும்?

குதிரையை உடனே நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த நீரோ பனிக்கட்டியோ நாளுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் அளவில் வைத்து, இடையில் முறையான கட்டுப் போட்டு, மருத்துவர் தரும் அழற்சி தணிக்கும் மருந்தைக் கொடுத்து, லாயத்தில் ஓய்வில் வைக்க வேண்டும். ஸ்கேன் எடுக்க ஒரு வாரம் அளவு காத்திருப்பது நல்லது. முதல் நாள்களில் நொதிகள் நார்களை மேலும் கரைத்துக்கொண்டிருப்பதால், அப்போது எடுத்த படத்தில் காயம் உண்மையில் இருக்கப்போவதைவிடச் சிறியதாகத் தெரியும்.

தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். வீக்கம் வியக்கத்தக்க வேகத்தில் வற்றும், குதிரை நேராக நடக்கும். ஆனால் நார்கள் நலிந்து, சில வேளைகளில் சுண்ணாம்புப் படிவும் ஏற்பட்டு, அந்தக் கால் முன்னைவிடப் பலவீனமாகிவிடும்.

பி.ஆர்.பி. எவ்வாறு தயாரிக்கப்படுகிறது?

குதிரையின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றியோ வடிகட்டியோ, சிவப்பணுக்களைப் பிரித்துவிட்டுத் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவை எடுக்கிறார்கள். தட்டணுக்களுக்குள் வளர்ச்சிக் காரணிகள் அடைபட்டிருக்கின்றன. காயத்தில் அவை வெளிப்பட்டு, புதிய இரத்தக்குழாய்களையும் நார் உண்டாக்கும் அணுக்களையும் தூண்டுகின்றன. எல்லாம் ஒரே நாளில், லாயத்தின் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆய்வகமோ வாரக்கணக்கில் காத்திருப்போ தேவையில்லை என்பதால் மூன்றில் மிகப் பரவலானது இதுவே.

இதன் குறை, ஒரு மருத்துவர் தரும் பி.ஆர்.பி.யும் இன்னொருவர் தருவதும் ஒன்றல்ல என்பது. கருவிக்குக் கருவி தட்டணுக்களின் எண்ணிக்கை மாறுகிறது. வெள்ளையணுக்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதும் மாறுகிறது. வெள்ளையணுக்கள் மிகுந்தால் அழற்சி கூடலாம். "பி.ஆர்.பி. போட்டோம், பலனில்லை" என்று ஒருவரும், "அற்புதமாக வேலை செய்தது" என்று இன்னொருவரும் சொல்வது, இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதாலும் இருக்கலாம்.

ஸ்டெம் செல்களை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

கருவிலிருந்து அன்று. பலரும் அப்படி நினைத்துத் தயங்குவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குதிரை மருத்துவத்தில் பயன்படுவது வளர்ந்த உடலிலும் தொப்புள்கொடியிலும் கிடைக்கும் இடைத்திசைக் குருத்தணுக்கள்.

எலும்பு மச்சையை மார்பெலும்பிலிருந்தோ இடுப்பெலும்பின் முனையிலிருந்தோ எடுக்கலாம். குதிரைக்கு மயக்கமூட்டும் மருந்து கொடுத்து, நின்ற நிலையிலேயே, தோலை மரத்துப்போகச் செய்து ஊசியைச் செலுத்துவார்கள். மார்பெலும்புக்கு நேர் பின்னால் இதயம் இருப்பதால், எந்தத் துண்டில் எவ்வளவு ஆழம் குத்தலாம் என்பதை ஸ்கேன் பார்த்து முடிவு செய்யும் பழகிய கைதான் இதைச் செய்யவேண்டும். கொழுப்பை வாலடிக்குப் பக்கத்தில் சிறு கீறல் போட்டு எடுப்பார்கள்.

மச்சையில் உள்ள அணுக்களில் குருத்தணுக்கள் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இருப்பது அரிது. ஆகவே அவற்றை ஆய்வகத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் வளர்த்துப் பெருக்க வேண்டியிருக்கிறது. தசைநாணுக்குள் செலுத்தப்படும் அளவு பொதுவாக ஒரு கோடி அணுக்கள் அல்லது அதற்குச் சற்று மேல். கொழுப்பிலிருந்து எடுத்ததை வளர்க்காமல் இரண்டொரு நாளில் அப்படியே செலுத்தும் முறையும் உண்டு. அதில் குருத்தணுக்களோடு வேறு பலவகை அணுக்களும் கலந்திருக்கும்.

செலுத்திய அணுக்கள் புதிய தசைநாணாக மாறிவிடுமா?

தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். குருத்தணு எந்தத் திசுவாகவும் உருமாறும், ஓட்டையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்பது கேட்பதற்கு இனிய கதை. செலுத்திய அணுக்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகள் அந்தக் கதையைக் கலைத்துவிட்டன. காயத்துக்குள் நேரடியாகச் செலுத்தியபோதும், ஒரு நாள் கழித்து அங்கே தங்கியிருந்தவை ஏறத்தாழ கால் பங்கோ அதற்கும் குறைவோதான். வாரங்கள் செல்லச் செல்ல அதுவும் கரைந்தது.

இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் வேறு. இந்த அணுக்கள் கொத்தனார்களல்ல, மேஸ்திரிகள். அங்கிருக்கும் குறுகிய காலத்தில் அவை வெளிவிடும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, உள்ளூர் அணுக்கள் தழும்பை அள்ளி இறைக்காமல் நார்களை ஒழுங்காக அடுக்கும்படி திசைதிருப்புகின்றன. "மீளுருவாக்கம்" என்ற பெயர் இந்த வேலைக்குச் சற்றுப் பெரிய சட்டைதான். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இது பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. குதிரையின் சொந்த எலும்பு மச்சைக் குருத்தணுக்களை வளர்த்து அதன் தசைநாணுக்குள் செலுத்தும் முறையை லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்டனர். 2012-இல் அக்குழு வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில், சிகிச்சைக்குப்பின் தொடர்ந்து கவனிக்க முடிந்த 113 பந்தயக் குதிரைகளில் மறுகாயம் அடைந்தவை 27.4 சதவீதம். தடைதாண்டிக் குதிரைகளை மட்டும் எடுத்தால் 25.7 சதவீதம். முன்னே சொன்ன 56 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது.

இதைப் படிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பீடு, அதே காலத்தில் சிகிச்சையின்றி விடப்பட்ட குதிரைகளோடு செய்யப்படவில்லை. முந்தைய கணக்கோடு செய்யப்பட்டது. தடையில்லாச் சமதளப் பந்தயக் குதிரைகள் அந்தக் கணக்கில் எட்டே எட்டு. அவற்றில் பாதி மறுபடி காயமடைந்தன. எட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்தியப் பந்தயங்கள் சமதளப் பந்தயங்களே என்பதால், 25.7 என்ற எண்ணை இங்குள்ள ஒருவர் தம் குதிரைக்கு அப்படியே பொருத்திக்கொள்வதும் சரியாகாது.

2013-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இன்னும் இறுக்கமானது. இயல்பாகவே தசைநாண் காயமுற்ற 12 குதிரைகளில் ஆறுக்கு ஒரு கோடி அணுக்களும், மற்ற ஆறுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தி, ஆறு மாதம் ஒரே உடற்பயிற்சி கொடுத்துப் பின்னர் தசைநாண்களையே எடுத்துச் சோதித்தனர். அணுக்கள் பெற்றவற்றின் தசைநாண் விறைப்புக் குறைந்து, அமைப்பிலும் இயல்புநிலைக்கு நெருங்கியிருந்தது. எனக்கு நம்பிக்கை தருவது பெரிய சதவீதத்தைவிட இந்தச் சிறிய ஆய்வுதான்; தழும்பின் தரமே மாறியிருப்பதை இது நேராகக் காட்டுகிறது.

ட்ரீம் அலயன்ஸ் என்ற குதிரையின் கதை உண்மையா?

உண்மைதான். வேல்ஸில் ஓர் ஊர்க்காரர்கள் வாரம்தோறும் சிறுதொகை போட்டுக் கூட்டாக வளர்த்த அந்தக் குதிரை, 2008-இல் இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ மைதானத்தில் ஓடியபோது தசைநாண் வெட்டுண்டது. ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் நீண்ட ஓய்வுக்கும் பிறகு 2009 டிசம்பரில் வெல்ஷ் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டிப் பந்தயத்தை வென்றது. அடுத்த ஆண்டின் கிராண்ட் நேஷனலில் ஓட்டத்தை முடிக்காமல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

நல்ல கதை, ஆனால் சான்று அன்று. ஒரே ஒரு குதிரை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்தக் காயம் குளம்பு வெட்டி நேர்ந்தது. அதாவது, அதுவரை நலமாக இருந்த நாணில் திடீரென விழுந்த வெட்டு. தேய்ந்து தேய்ந்து உள்ளே அறுந்த நாண் அதைப் போன்றதன்று. உங்கள் குதிரையின் காயம் எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் அதோடு ஒப்பிடலாம்.

மூட்டு நோய்க்கும் இதே சிகிச்சைதானா?

மூட்டில் முதலில் பேசப்பட வேண்டியது ஐராப். மூட்டு அழற்சியில் குருத்தெலும்பை அரிக்கும் முதன்மைப் பொருள் இன்டர்லூக்கின்-1. அது அணுவின்மீது பற்றும் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிடும் புரதம் ஒன்று இரத்தத்தில் இயல்பாகவே உண்டாகிறது. குதிரையின் இரத்தத்தைச் சிறப்பாகப் பதப்படுத்திய கண்ணாடி மணிகள் உள்ள குழாயில் எடுத்து, உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்தால், வெள்ளையணுக்கள் அந்தப் புரதத்தை மிகுதியாக வெளிவிடும். பிறகு சீரத்தைப் பிரித்து, ஒரு வார இடைவெளியையொட்டி மூன்று முறை மூட்டுக்குள் செலுத்துவது வழக்கம். ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்காத தொடக்கநிலை, மிதமான மூட்டழற்சிக்கு இது ஏற்றது. குருத்தெலும்பு முழுவதும் தேய்ந்து எலும்பு எலும்போடு உரசும் மூட்டில் எந்தச் சீரமும் பெரிதாக ஒன்றும் செய்யாது.

ஸ்டெம் செல்களின் இடம் பெரும்பாலும் அறுவைக்குப் பின்னர். பின்னங்காலின் பெரிய மூட்டில் பிறைக்குருத்தெலும்போ, குருத்தெலும்போ, பந்தகமோ சேதமுற்ற 33 குதிரைகளுக்கு, மூட்டுக்குள் செலுத்திப் பார்க்கும் மூட்டுநோக்கி வழியே அறுவை செய்து, பின்னர் எலும்பு மச்சைக் குருத்தணுக்களைச் செலுத்தியதன் விவரம் 2014-இல் வெளியானது. அவற்றில் 43 சதவீதம் பழைய நிலைக்கே வேலைக்குத் திரும்பின, மேலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்த வேலைக்குத் திரும்பின, எஞ்சியவை தேறவில்லை. அந்த மூட்டுக் காயத்தின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இது நல்ல பலன்.

வேறொரு குதிரையின் அணுக்களைச் செலுத்தலாமா?

சொந்த அணுக்களை வளர்க்க வாரங்கள் ஆகின்றன. ஆயத்தமாக உறையவைத்திருப்பதை அன்றே செலுத்தலாம். இந்த வசதியினால் நன்கொடைக் குதிரையின் அணுக்கள் மருந்துகளாகவே வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-இல் அனுமதி பெற்ற ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே, அங்கே கால்நடைகளுக்கென அனுமதி பெற்ற முதல் ஸ்டெம் செல் மருந்து. அது மூட்டழற்சியால் நொண்டும் குதிரைகளுக்கானது. தொப்புள்கொடி அணுக்களால் ஆன ஹார்ஸ்டெம் அதே ஆண்டில் வந்தது. தசைநாண், பந்தகக் காயங்களுக்கான ரெனுடெண்ட் 2022-இல் அனுமதி பெற்றது.

இடைத்திசைக் குருத்தணுக்களை உடல் அந்நியமாகப் பார்ப்பதில்லை என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். அது முழு உண்மையன்று. இரு குதிரைகளின் திசுப்பொருத்தம் மாறுபட்டால், பெற்ற குதிரை எதிர்ப்புரதங்களை உண்டாக்குகிறது. ஒரு முறை செலுத்துவதில் பெரிய தொல்லை இருப்பதில்லை. அதே நன்கொடைக் குதிரையின் அணுக்களைத் திரும்பவும் செலுத்தும்போது மூட்டு வீங்கக்கூடும். அணுக்களை வளர்க்கப் பயன்படும் கன்றுச் சீரத்தின் எச்சமும் இத்தகைய வீக்கத்துக்குக் காரணமாகலாம். அதனால் சொந்த அணுக்களிலும் வீக்கம் வருவதுண்டு.

எப்போது செலுத்துவது நல்லது?

முதல் அழற்சி அடங்கிய பிறகு, தழும்பு இறுகுவதற்கு முன். காயம்பட்டு ஒரு மாதத்தையொட்டிய காலம் பொருத்தமானது. அணுக்களை வளர்க்கவே மூன்று வாரம் ஆகும் என்பதால், "இரண்டு மாதம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம், ஆறாவிட்டால் ஸ்டெம் செல்" என்று ஒத்திப்போட்டால் காலம் கடந்துவிடும். முடிவு முதல் இரண்டு வாரங்களுக்குள் எடுக்கப்பட வேண்டும்.

காயத்தின் வடிவமும் முக்கியம். நாணின் உறை பெரும்பாலும் கெடாமல், நடுவில் குழிபோல அறுந்திருந்தால் செலுத்திய திரவம் அங்கே தங்கும். பக்கவாட்டில் கிழிந்து உறையும் பிளந்திருந்தால் அது வெளியே வழிந்துவிடும்.

ஊசி போடுவதில் என்ன ஆபத்து உண்டு?

தொற்றுதான் அஞ்சவேண்டியது, மூட்டுக்குள் போடும்போது குறிப்பாக. மயிரை மழித்து, அறுவைக்குரிய தூய்மையோடு, ஸ்கேன் பார்த்தபடி செலுத்த வேண்டும். ஓரிரு நாள் சிறு வீக்கமும் வெப்பமும் இயல்பு. குதிரை காலை ஊன்றவே மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, காலை வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். மூட்டில் சீழ்பிடித்தால் சில மணி நேரத் தாமதம்கூட அந்த மூட்டையே இழக்கச் செய்யும்.

சிகிச்சைக்குப் பின் எத்தனை நாளில் ஓட்டலாம்?

ஏறத்தாழ ஓராண்டு. இந்த விடையைக் கேட்டதும் பலரின் முகம் வாடுவதைப் பார்க்கலாம். செலவு செய்தது விரைவில் ஓட்டுவதற்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். இந்தச் சிகிச்சை காலத்தைக் குறைப்பதில்லை. ஆறியபின் நாண் தாங்குமா என்பதைத்தான் அது மாற்ற முயல்கிறது.

அணுக்கள் செலுத்திய பிறகு முதல் இரண்டு வாரம் லாயத்திலேயே ஓய்வு. மூன்றாம் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், சமமான கெட்டித் தரையில், கையில் பிடித்து நடத்தல். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, பத்தாவது வாரமளவில் 45 நிமிடம். நான்காம் மாதம் தொடங்கி அந்த நடையினிடையே ஐந்து நிமிடத் துள்ளுநடை. அதையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். எட்டாவது மாதத்தையொட்டி மெதுவான பாய்ச்சல். பத்தாவது மாதத்திலிருந்து வேகம். ஏறத்தாழ 48 வாரங்களுக்குப் பின் முழு வேலை. ஒவ்வொரு படி ஏறுவதற்கு முன்பும் ஸ்கேன் எடுத்து, நாணின் குறுக்களவு கூடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

இந்த நடைக்குக் காரணம் உண்டு. இளம் தழும்பின் நார்கள் எந்தத் திசையில் அடுக்கிக்கொள்வது என்று அறிவது இழுவிசையின் வழியாகத்தான். அறவே நடக்காத குதிரையின் நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். மேய்ச்சல் வெளியில் அவிழ்த்துவிட்ட குதிரை ஒரே துள்ளலில் எல்லாவற்றையும் அறுத்துக்கொள்ளும்.

ஆபத்தான காலம் இரண்டாம், மூன்றாம் மாதம். நொண்டல் அதற்குள் நின்றிருக்கும், வீக்கம் வற்றியிருக்கும், அடைபட்டுக் கிடந்த குதிரை துள்ளிக்கொண்டு நிற்கும். "நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வலி இல்லாததும் வலு இருப்பதும் ஒன்றல்ல. அப்போது அங்கே இருப்பது மூன்றாம்வகைக் கொலாஜன் நிறைந்த பச்சைத் தழும்பு. நாள்தோறும் கடிகாரத்தைப் பார்த்து, அலுக்காமல் பத்து நிமிடமும் பதினைந்து நிமிடமும் நடத்திக் கொண்டுவரும் குதிரைக்காரரின் பங்கு, ஊசி போட்டவரின் பங்கைவிடக் குறைந்ததன்று. அவரை உட்காரவைத்து இந்த அட்டவணையை விளக்காமல் ஸ்டெம் செல்லுக்குப் பணம் செலவழிப்பது வீண்.

காலில் சூடு போடும் பழைய முறை பலன் தராதா?

மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் நம்மிடம் இருந்ததுபோல, ஐரோப்பாவிலும் குதிரையின் தசைநாண்மீது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடிழுப்பதும் புள்ளிவைப்பதும் நெடுங்காலம் மருத்துவர்கள் கையாலேயே நடந்தது. இரத்த ஓட்டம் கூடி நாண் இறுகும் என்பது நம்பிக்கை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சூடு போட்டதால் தசைநாண் ஆறுவதில் எந்த நன்மையும் இல்லை என்று காட்டியது. சூடு போட்ட குதிரைகள் சில தேறியது, புண் ஆறும்வரை அவற்றுக்குக் கட்டாயமாகக் கிடைத்த நீண்ட ஓய்வால்தான். அந்த ஓய்வைச் சுடாமலேயே கொடுக்கலாம்.

போட்டி விதிகள் இதைத் தடுக்கின்றனவா?

மூட்டுக்குள் எதைச் செலுத்தினாலும் அதற்குப்பின் ஓட்டக்கூடாத காலம் என்று ஒன்றைப் பல அமைப்புகள் வகுத்திருக்கின்றன; அது அமைப்புக்கு அமைப்பு மாறும், அடிக்கடி திருத்தப்படும். சிகிச்சைக்கு முன்பே உங்கள் போட்டி அமைப்பின் கால்நடை மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கூடவே கொடுக்கப்படும் மயக்க மருந்தும் வலிமருந்தும் சோதனையில் தெரியக்கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

பந்தயக் குதிரை அல்லாத குதிரைகளுக்கு இது தேவையா?

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளுக்கும், அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் கைமாறும் குதிரைகளுக்கும், வண்டி இழுக்கும் மட்டக் குதிரைகளுக்கும், நொண்டல் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது குளம்பு. சீராகச் செதுக்கப்படாமல் நுனி நீண்ட குளம்பு, ஒவ்வோர் அடியிலும் பின்புறத் தசைநாணை நெம்பி இழுக்கிறது. குளம்பைச் சரிசெய்து, சுமையைக் குறைத்து, ஓய்வு கொடுத்தாலே இவற்றில் பல தேறும். தோல் கிழிந்த காயமானால் தாமதமின்றி டெட்டனஸ் தடுப்பூசி. குதிரையைப்போல் அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் வீட்டு விலங்கு வேறில்லை. முழு வேகத்தில் ஓடவேண்டிய கட்டாயம் இல்லாத குதிரைக்குத் தழும்புத் திசுவே போதும். ஸ்டெம் செல்லுக்கு ஆகும் பணத்தை நல்ல தீவனத்துக்கும் முறையாகச் செதுக்கும் லாடக்காரருக்கும் செலவிடலாம்.

ஓராண்டு கழித்து அதே கால் மீண்டும் வீங்கினால் என்ன செய்வது?

மறுபடி ஸ்கேன் எடுத்து, பழைய இடமா, அதன் ஓரமா, வேறு நாணா என்று பார்க்க வேண்டும். முதல்முறை கூடுதலாக வளர்த்த அணுக்களை உறையவைத்திருந்தால் காத்திருக்காமல் செலுத்தலாம். அதனால்தான் அப்படிச் சேமிக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே ஆய்வகத்திடம் கேட்டு வைப்பது நல்லது. ஆனால் இரண்டாம் முறை அறுந்த நாணோடு குதிரையைப் பந்தயத்துக்குத் திரும்பக் கொண்டுவர முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மெதுவான சவாரிக்கோ, இனப்பெருக்கத்துக்கோ அது இன்னும் பல ஆண்டு பயன்படும். அந்த வாழ்க்கைக்கும் நடைப்பயிற்சி அட்டவணை வேண்டும். முதல் நாள் பத்து நிமிடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.